மெஷினுக்குத் தெரியாத விரல்கள்

இறால் ஆலையில் வேலைக்குச் சேர விரல் இருந்தால் போதும், சம்பளம் வாங்கத்தான் ரேகை வேண்டும். மாதக் கடைசியில் மேலதிகாரி முகம் பார்த்து நிற்கும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தானாக உரிந்த இறால்

பனிச்சங்கேணிப் பக்கம் எங்கள் ஆலை. கையெழுத்துப் போடும் வழக்கத்தை நிறுத்தி, வாசலில் விரல் மெஷின் பூட்டினார்கள். விரல் பதிந்தால்தான் வந்ததாகக் கணக்கு. ஒரு நாள் பதியாவிட்டாலும் அந்த மாத வரவுப்படி போய்விடும். என் பக்கத்து மேசை பரீதா ராத்தாவுக்கு அந்தப் படிதான் வீட்டு வாடகை.

ஐஸ் தண்ணீரிலும் இறால் ஓட்டிலும் கிடந்து எங்கள் விரல்களெல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்தன. ராத்தா விரலைச் சட்டையில் துடைத்தார், முக்காட்டுக்குள் விட்டு எண்ணெய்த் தலையில் தேய்த்தார், பிஸ்மி சொல்லி வைத்தார். மெஷின் சிவப்புத்தான் காட்டியது. அன்று முழுக்க உரித்தும் அவர் வரவில்லை என்றே பதிவானது. மெஷின் பொய் சொல்லாது என்றார் சூப்பர்வைசர். ராத்தா தன் கூடையைக் காட்டினார்.

"அப்ப நான் வரல்ல தம்பி. இந்த றாலெல்லாம் தானா உரிஞ்சி கிடக்கு."

பெருநாள் மருதோண்டி

கெஞ்சிக் கூத்தாடி, உரிக்கும்போது அதிகம் படாத இடது சின்னவிரலைப் பதிந்துகொண்டார். பெருநாள் வந்தது. ஓட்டமாவடி வீட்டில் மகள் ஆசையாக மருதோண்டி பூச வர, ராத்தாவும் யோசிக்காமல் இரண்டு கையையும் நீட்டிவிட்டார். வேலைக்குத் திரும்பிய அன்று மருதோண்டிச் சாயம் மூடிய அந்தச் சின்னவிரலையும் மெஷின் தள்ளிவிட்டது. தேசிக்காய்ச் சாறு விட்டுத் தேய்த்தும் பலனில்லை. நான் என் விரலைத் துடைத்து மெஷினில் வைத்தேன், எனக்கும் சம்பளம் வேண்டுமே. சூப்பர்வைசர் சிரித்தபடி சொன்னார்:

"அடுத்த பெருநாளைக்குக் கால்ல போடுங்க ராத்தா."

கையுறை

ரேகை திரும்பட்டும் என்று ராத்தா கையுறை போட்டு உரித்துப் பார்த்தார். மெஷின் மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டது. ஆனால் கையுறையோடு வேகம் வராது. அந்த நேரம் பார்த்துப் புதிய தராசு வந்தது. யார் எவ்வளவு உரித்தார் என்று சுவர்த் திரையில் எல்லோர் பெயரும் ஓடும். கடைசியில் நிற்பவருக்குக் கிலோக் கூலியைக் குறைப்பார்கள். கையுறை போட்டால் கூலி போகும், கழற்றினால் படி போகும். பட்ட காலிலேதானே படும்.

ராத்தா கையுறையைக் கழற்றி வீசினார். படி நின்றது. வாடகை தராததால் வீட்டுச் சொந்தக்காரர் வெளியேறச் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல், வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகலாம் என்று ஏஜென்சிக்குப் போனார். அங்கும் ஒரு விரல் மெஷின். எந்த விரலும் பதியவில்லை. மறுநாள் மேசைக்கு வந்து, ஐஸுக்குள் கையை விட்டபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"அங்கயும் என்ன யாரெண்டு தெரியாதாம் புள்ள."

எங்கள் ஆலையில் இப்போது எல்லாமே துல்லியம்: இறாலின் எடையில் ஒரு கிராம் பிசகாது, எங்கள் சம்பளத்தில் விழும் வெட்டும் பிசகாது.