பச்சை முகத்தை அழுத்துகிறவர்

நாங்கள் வேலை செய்கிற பாண் பெக்டரியில், வெளியே போகும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெஷின் நிற்கிறது. அதில் மூன்று பொத்தான்கள். பச்சையில் சிரிக்கிற முகம், மஞ்சளில் சிரிப்பும் இல்லாத அழுகையும் இல்லாத முகம், சிவப்பில் வாய் கோணிய முகம். இன்றைக்கு உங்கள் மனது எப்படி இருந்தது என்று அது கேட்கிறதாம். வேலை முடிந்து போகிற எல்லாரும் ஒன்றை அழுத்திவிட்டுப் போக வேண்டும். பெயர் கேட்காது. இலங்கையில், மாத்தளையில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் நானும் சிரித்தேன். மனது எப்படி என்று ஆட்களே கேட்காத ஊரிலிருந்து வந்தவளிடம் ஒரு மெஷின் கேட்கிறதே என்று.

என் வீட்டுக்காரருக்கும் அங்கேதான் வேலை. அவர் மா குழைக்கிற பக்கம், நான் பாணைப் பையில் போடுகிற பக்கம். ஒவ்வொரு நாளும் எனக்கு முன்னால் போய்ப் பச்சையை அழுத்துவார். அழுத்தும்போது "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெல்லச் சொல்வது எனக்குக் கேட்கும். பிறகு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, ஜெக்கட்டையும் சப்பாத்தையும் கழற்றாமல் படிக்கட்டின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிடுவார். தேத்தண்ணி கொடுத்தால் கையில் வைத்தபடியே ஆறவிடுவார். தொழுகை நேரம் வந்தால் மட்டும் எழும்புவார். சுஜூதில் தலையை வைத்தால் நெடுநேரம் தூக்க மாட்டார். தோள் இரண்டும் நடுங்குவதைப் பின்னால் இருந்து பார்ப்பேன்.

"என்னங்க, என்ன செய்யுது?"

"ஒன்னுமில்ல. தேத்தண்ணிக்கு சீனி கூட."

அன்றைக்கு நான் சீனியே போட்டிருக்க மாட்டேன்.

இவர் ஏன் வாய் திறப்பதில்லை என்று எனக்குத் தெரியும். யட்டவத்தையில் இவர்களுடைய குடும்பத்துக்கு மிளகு, கராம்பு யாவாரம். தோட்டம் தோட்டமாகப் போய் வாங்கி, காயவைத்து, மாத்தளைக் கடைகளுக்குக் கொடுப்பார்கள். நான் மருமகளாகப் போன காலத்தில் எல்லாவற்றையும் ஓடியாடிப் பார்த்தவர் இவருடைய நானா, கூடப்பிறந்த மூத்தவர். சிங்கள ஆட்களோடு அவர்களுடைய பாஷையிலேயே பகிடி பண்ணி விலை குறைப்பார். அவர் வந்தால் வீடு கலகலவென்று இருக்கும். ஒரு நாள் மிளகு காய்கிற பாயின் ஓரத்தில் உட்கார்ந்தவர், மழை வந்தும் எழும்பவில்லை. மிளகும் நனைந்தது, அவரும் நனைந்தார். அதற்குப் பிறகு பேச்சே குறைந்துபோனது. வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கண்ணூறு என்றார் ஒருவர். யாரோ சூனியம் செய்துபோட்டிருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். ஈமான் போதாது என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். பள்ளிவாசல் லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுத்தார். தாயத்தும் கட்டிப் பார்த்தார்கள். கடைசியில் பின்னறையில் ஒரு கட்டிலைப் போட்டுக் கொடுத்தார்கள். ஆட்கள் வந்தால் என் மாமி ஓடிப்போய் அந்த அறைக் கதவைச் சாத்துவார். அந்த மனிதருக்குக் கவலை என்று சொன்ன ஒருவரை நான் பார்க்கவில்லை. இன்றும் அவர் அங்கேதான் இருக்கிறார்.

இங்கே ஒரு வெள்ளிக்கிழமை இவர் ஜும்ஆத் தொழுகைக்கு எழும்பவில்லை. கண் திறந்தபடியே படுத்திருந்தார். சாப்பிடாத நாட்களைக்கூடப் பொறுத்துக்கொண்ட நான் அதற்குமேல் பொறுக்கவில்லை. கிளினிக்குக்குத் திரும்பத் திரும்பப் போன் எடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, ஒரு வழியாக நாள் கிடைத்தது. அதற்காக நான் வைத்த நோன்பை அல்லாஹ் அறிவான்.

டொக்டர் ஓர் இளம் வெள்ளைக்காரப் பெண். மேசையில் போனை வைத்தார். அதில் எங்கேயோ இருந்து ஒரு தமிழ் அம்மா மொழிபெயர்த்தார். புத்தகம் வாசிப்பதுபோல் பேசினார்.

"ஐயா, சமீப காலமாக உங்களுக்கு எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா?"

"அல்ஹம்துலில்லாஹ். ஒரு குறையுமில்ல."

"உறக்கம் எப்படி?"

"அல்ஹம்துலில்லாஹ்."

"வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வருகிறதா?"

அதற்கு மட்டும் தரையைப் பார்த்தார். பிறகு அதற்கும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

போனில் இருந்த அம்மா அதை இங்கிலீசில் சொன்னார். இறைவனுக்கு நன்றி, நலம் என்று சொல்லியிருப்பார். அவர் மேல் பிழையில்லை. டொக்டர் சிரித்துக்கொண்டு "குட், குட்" என்று கம்பியூட்டரில் தட்டினார்.

"நோ டொக்டர், நோ குட்" என்றேன். எனக்கு வந்த இங்கிலீஸ் அவ்வளவுதான்.

டொக்டர் அன்பாகத்தான் என் பக்கம் திரும்பினார். போனில் பதில் வந்தது. "அம்மா, அவருடைய மனதை அவர்தான் சொல்ல வேண்டுமாம்."

நான் இவருடைய கையைப் பிடித்தேன். "ஒருக்கா சொல்லுங்களேன். இவங்க கதவ சாத்துற ஆக்கள் இல்ல."

"அல்லாஹ் தந்த நல்லத, நிஃமத்த இல்லன்னு இவகிட்ட சொல்லச் சொல்றியா?"

"நபிமாரே அழுதிருக்காங்க."

"அவங்க அல்லாஹ்கிட்ட அழுதாங்க. சும்மா இரு."

போனில் இருந்த அம்மா இதை மொழிபெயர்க்கவில்லை. புருஷன் பெண்சாதி பேச்சு என்று விட்டிருப்பார். மூச்சை இழுத்து விடுவது, பூங்காவில் நடப்பது என்று படம் போட்ட ஒரு கடதாசியை டொக்டர் தந்தார். இனி வரத் தேவையில்லை என்றும் சொன்னார்.

அல்ஹம்துலில்லாஹ் என்ற சொல்லில் குறை சொல்ல நான் யார்? சுகத்திலும் கஷ்டத்திலும் அதைச் சொல்லத்தான் நமக்குப் படித்துத் தந்தார்கள். நானும் சொல்கிறேன், சாகும்வரை சொல்வேன். ஆனால் அல்லாஹ்வுக்குச் சொல்வதற்கு இருந்த சொல்லை, கேட்க வருகிற மனிதர்களின் வாயை மூடவும் எடுத்துவிட்டோம். புலம்பெயர்ந்து வந்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் இப்படி என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் இப்படித்தான்.

அடுத்த நாள் வேலை முடிந்து இவர் பச்சையை அழுத்திவிட்டுப் போன பிறகு, நான் சிவப்பை அழுத்தினேன். அவருக்காகத்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அப்படியே செய்தேன். யாராவது வந்து என்ன என்று கேட்பார்கள் என்று ஒரு நப்பாசை. பிறகு சுப்பவைசர் எல்லாரையும் கூப்பிட்டு, ஒவ்வொரு நாளும் சிவப்பு விழுகிறது, கதவுப் பக்கம் குளிர்தானே, மன்னியுங்கள் என்று சொல்லி அங்கே ஒரு ஹீட்டரைக் கொண்டுவந்து வைத்தார். இப்போது இவர் அதில் கையைச் சூடாக்கிக்கொண்டு பச்சையை அழுத்துகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வீடியோக் கோல் எடுத்தோம். மாமி போனைப் பின்னறைக்குக் கொண்டுபோனார். கட்டிலில் நானா. தாடி முழுக்க நரைத்திருந்தது. அங்கே தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம். இங்கே ஜன்னல் கண்ணாடியில் பனி.

"நானா, சுகமா?"

"அல்ஹம்துலில்லாஹ். நீ?"

"அல்ஹம்துலில்லாஹ்."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. ஒரே முகம் இரண்டு வயதில் ஒன்றையொன்று பார்ப்பதுபோல் இருந்தது. திடீரென்று மாமி, "யாரோ வாராங்க புள்ள" என்று சொல்லி, போனைக் கட்டிலிலேயே வைத்துவிட்டு வெளியே போனார். யட்டவத்தையில் கதவு சாத்தப்படும் சத்தம் எங்கள் அறைக்குள் கேட்டது.

இவர் எழும்பினார். போய் எங்கள் அறைக் கதவையும் சாத்திவிட்டு வந்து, போனுக்கு முன்னால் உட்கார்ந்தார். இந்த ஊரில் எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை.