அரம் போட்ட செப்புத் துட்டு

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இழுபறி நடந்த வருஷங்களில், எங்கள் பக்கத்தில் சரித்திர நிபுணர்கள் பெருகிப் போனார்கள். அதுவரை சந்தைக் கடை ஏலத்துக்கு அடித்துக்கொண்டிருந்தவர்கள், ஒரே வாரத்தில் சோழர்களைச் சித்தப்பா பெரியப்பா மாதிரி பேச ஆரம்பித்தார்கள். எனக்கு இப்போதும் அவர்கள்மேல் மரியாதை வரவில்லை. வயதானால் மனசு இளகும் என்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்கு இளகவில்லை.

திருப்பதியில் எனக்குப் பாத்திரக் கடை. பழைய செம்பு, பித்தளையை எடைக்கு வாங்குவேன். அந்த மூட்டைகளில் பழங்காசுகளும் வரும். மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு அவைதான் பள்ளிக்கூடம். தமிழ், தெலுங்கு இரண்டும் கடைப் பலகைகளைப் பார்த்தே படிக்கக் கற்றேன். சந்திரகிரிக் கோட்டைப் பக்கமிருந்து ஒருவன் ராயர் காசு என்று பத்துக் காசு கொண்டுவந்தான். பத்திலும் ஒரே மூலையில் ஒரே பள்ளம். கையால் அடித்த காசு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கோணியிருக்கும். பத்தும் ஒன்றுபோல் இருந்தால் வார்த்தெடுத்தது. "ஒரே தாய் வயித்துல பத்தும் ஒரே நாள்ல பொறந்திச்சா?" என்று கேட்டு அனுப்பினேன். அதிலிருந்து காசு என்றால் என்னிடம்தான் வருவார்கள்.

ஒரு நாள் காலையில் என் மாமனார் வந்தார். வரதய்யபாளையத்தில் வேர்க்கடலை போடுகிறவர். ஊரில் இரண்டு பேர் வரப்புக்காகச் சண்டை போட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "கல்லு இங்க இருந்திச்சி" என்று அவர் காலால் காட்டினால், அதோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவரோடு எல்லைப் போராட்டத் தலைவர் ஒருவரும் வந்தார். மேடைக்கு மேடை துண்டு மாற்றுவார். எங்கள் தெருப் பால்காரம்மா அவருக்கு வைத்திருந்த பெயர், 'மைக்க கண்டா கண்ண மூடிக்கிறவரு'.

தலைவர் உட்கார்ந்ததும் எதிர்க் கடைப் பக்கம் திரும்பி, "ஒரேய், மூடு காப்பி பட்டுக்குரா!" என்றார். தமிழுக்காக உயிரையே கொடுக்கத் தயாராக இருந்தவருக்கு மூன்று காப்பி மட்டும் தெலுங்கில்தான் கேட்க வரும்.

பிறகு மடித்த காகிதத்திலிருந்து ஒரு செப்புக் காசை எடுத்து வைத்தார். "சோழர் காலத்துக் காசு அண்ணே. இந்த ஐயா நிலத்துல கெணறு வெட்டும்போது கெடச்சது. இது ஒண்ணு போதும், அந்த மண்ணு யாருதுன்னு சொல்றதுக்கு. அசல்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

கையில் எடுத்தேன். ஒரு பாதியில் தமிழ் வரி ஒன்று. மறு பாதி மொட்டை. பின்பக்கம் முழுவதும் மொட்டை.

"காசு அசல்தாங்க" என்றேன்.

தலைவர் முகம் மலர்ந்தது.

"சோழர்தான் நகல். இது கும்பினி வெள்ளக்காரன் அடிச்ச துட்டு. இந்த மாதிரி எங்கிட்டயே நாலு இருக்குது. விலை ரெண்டணா பெறும்."

"எப்படி அவ்ளோ உறுதியா சொல்றீங்க?"

கண்ணாடிப் பலகையின் மேல் காசை வைத்து விரலால் தொட்டேன். கால் குட்டையான முக்காலி மாதிரி ஆடியது. தானாகத் தேய்கிற காசில் முதலில் மேட்டு எழுத்துத்தான் போகும். பள்ளத்தில் அழுக்கு தங்கிவிடும். இதில் பாதிக் காசு முழுசாகவே பள்ளமாகியிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்தால் முடி முடியாக ஒரே திசையில் கோடுகள். ஈரத் துணியால் துடைத்தேன். துணியில் கறுப்பு வந்தது, கூடவே சாணி நாற்றம். அடியில் புதுச் செம்பு சிவப்பாகச் சிரித்தது.

என் மூட்டையிலிருந்து அதே மாதிரி துட்டு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். மேலே தெலுங்கில் ஒரு வரி, கீழே தமிழில் ஒரு வரி, பின்னால் பாரசீகத் துருக்க எழுத்து. சோழருக்குத் தெலுங்கும் ஆகாது, துருக்கமும் ஆகாது என்று யாரோ அரம் போட்டு வழித்துவிட்டு, புதுசு தெரியாமலிருக்கச் சாணியில் ஊறவைத்திருக்கிறார்கள்.

மாமா குனிந்து இரண்டையும் பார்த்தார். "எங்க ஊட்டு சாமி வெளக்குகிட்ட இருந்தப்போ இதே மாதிரிதான் இருந்திச்சி மாப்ளே. பின்னால கொடி ஓடுறாப்புல எழுத்து இருந்திச்சே. இவரு வாங்கினு போயி பத்து நாளு வெச்சிருந்தாரு."

"ஐயா, வாழ்வா சாவான்னு இருக்கிற நேரத்துல துட்டு ஆடுது, கொடி ஓடுதுன்னு பேசிகினு இருக்கீங்களே!" தலைவர் ஒரு காகிதத்தை விரித்தார். "நாளைக்குச் சித்தூர்ல அதிகாரி முன்னால நீங்க கைநாட்டு வெச்சாகணும். பேரு வரைக்கும் எழுதியாச்சு."

"இன்னா எழுதிகிது, படி மாப்ளே."

படித்தேன். 'என் நிலத்தில் எடுத்தபடியே, எவ்வித மாற்றமும் இன்றி ஒப்படைக்கிறேன் என்று சத்தியமாகச் சொல்கிறேன்.'

மாமா தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "சரி, நாளைக்கு வரேன்" என்றார். தலைவர் எழுந்து போனார். காப்பிக்கு நான்தான் கொடுத்தேன்.

மறுநாள் கடையைப் பூட்டிக்கொண்டு நானும் போனேன். மாமாவுக்கும் தமிழ்ப் பக்கம் போகத்தான் ஆசை. அதனால்தான் எனக்குப் பயம். ஊருக்காக என்று நினைத்து விரலை வைத்துவிடுவாரோ? வைத்துவிட்டால் அப்புறம் எந்த வரப்பில் போய் நின்று அவர் கல்லைக் காட்டுவார்?

சித்தூர் ஆபீஸ் வராந்தா திருவிழா மாதிரி இருந்தது. தெலுங்குக் கட்சிக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஒருவர் உடைந்த அம்மிக்கல்லைக் கல்வெட்டு என்று மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அதற்குப் பூ வேறு சுற்றியிருந்தது.

அதிகாரி உள்ளே வேலையாக இருந்தார். வராந்தாவிலிருந்த குமாஸ்தா மனுவைப் புரட்டிவிட்டு, காசைப் பார்த்துக் கேட்டார். "இதி மீ பொலம்லோ தொரிகிந்தேனா?" உங்கள் நிலத்தில் கிடைத்ததுதானா என்று கேள்வி. தலைவர் மைப்பெட்டியை மாமா பக்கம் நகர்த்தினார்.

மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "செம்பு என்னுது சாமி. இந்த மொகம் இவருது."

குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரியும்போல. சிரித்துவிட்டார்.

"பெரியவர் பயத்துல ஒளர்றாரு" என்றார் தலைவர்.

"அரம் புடிச்சவன் நீ. பயம் எனக்கா?" என்றார் மாமா. அதுவரை அந்த ஆளை 'நீங்க' என்றுதான் பேசிவந்தார்.

குமாஸ்தா மனுவை எடுத்துக் கட்டோடு வைத்தார். காசைப் பென்சில் முனையால் எங்கள் பக்கம் தள்ளினார். "ஊர்ல எத்தன ஊட்ல எந்த பாஷன்னு லெக்க எடுக்கிறாங்க. காசெல்லாம் அக்கரலேது." பத்து நாள் சாணியில் ஊறியது அவருக்குத் தேவையே படவில்லை. தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த கும்பலில் போய்ச் சேர்ந்தார். அங்கே கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்.

பஸ் நிலையத்தில் டீ குடிக்கும்போதுதான் மாமா கேட்டார்.

"தேச்சுட்டானே, அந்த மேல் வரியில இன்னா எழுதியிருந்திச்சி மாப்ளே?"

"கீழ் வரியில இருக்கிறதுதான் மாமா. இந்தத் துட்டு எத்தன காசுன்னு. தெலுங்குக்காரனுக்குத் தெலுங்குல, நமக்குத் தமிழ்ல."

"ரெண்டும் ஒண்ணேவா?"

"ஒண்ணே."

டீ புரையேறும் வரை சிரித்தார். "அதுக்கா பத்து நாளு ஒக்காந்து தேச்சிகினு இருந்தான், கம்னாட்டி!"

பிறகு மடியிலிருந்து காசை எடுத்து என் கையில் போட்டார். "இத மறுபடி வெளக்குகிட்ட வெக்க வேணாம். செம்போட செம்பா எடையில போட்டுடு."

போட்டுவிட்டேன்.