மண்டை உடைந்த இருவரின் வயது

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். தொல்லியல் குழிகளிலிருந்து வரும் எலும்பையும் பல்லையும் கரித்துண்டையும் சுத்தம் செய்து, வயது கணிக்க வெளிநாட்டுக்கு அனுப்பி வைப்பது என் பொறுப்பு. அளக்கும் இயந்திரம் எங்களிடம் இல்லை. கணக்கு எளிமையானதுதான். உயிரோடு இருக்கும்வரை எல்லா உடலும் கார்பன் என்கிற கரிமத்தை உள்ளே எடுத்துக்கொண்டே இருக்கிறது. செத்ததும் அது நின்றுவிடும். அதில் ஒரு வகைக் கரிமம் மட்டும் காலப்போக்கில் சிதைந்து குறையும். எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால், செத்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று தெரியும். எப்படிச் செத்தார் என்பதை அது சொல்லாது. அதற்கு எலும்பைத்தான் பார்க்க வேண்டும்.

ஓர் ஆண்டு வடக்கே ஒரு சுண்ணாம்புக் குகையிலிருந்து இரண்டு ஆண்களின் எலும்புகள் வந்தன. ஒரே குழி, பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். இரண்டு பேருக்கும் மண்டை உடைந்திருந்தது. ஒருவனுக்கு இடது காதுக்கு மேலே எலும்பு கிண்ணம்போல உள்ளே அமுங்கியிருந்தது. விளிம்பு ஆறிய அடையாளமே இல்லை. அந்த அடியோடு போய்விட்டான். இன்னொருவனுக்குப் பின்மண்டை நொறுங்கிக் கிடந்தது. ஓர் அடியில் அப்படி நொறுங்காது. விழுந்த பிறகும் விடாமல் அடித்திருக்கிறார்கள். துண்டுகளை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வாரங்களில், அடித்த கை எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதுகூட எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் ஒரு கதை கட்டினார்கள். ஒரே சண்டை, ஒரே நாள், இரண்டு பிணம். எங்கள் பேராசிரியை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சீனப் பெண்மணி, அவசரப்பட்டு எதையும் சொல்லமாட்டார். "முதலில் வயது வரட்டும்" என்றார்.

நம் ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் எலும்பில் அளப்பதற்கு ஒன்றும் தங்காது. பல்லுக்குள் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். ஆளுக்கு ஒரு பல் எடுத்து, தனித்தனிக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, பஞ்சு வைத்துப் பெட்டியில் கட்டினேன். பார்சல் எடுக்க வரவேண்டிய வேன் அன்று வரவில்லை. நான் கிள்ளானில் என் வீட்டுக்குப் போக எப்படியும் சென்ட்ரல் நிலையத்தில்தான் கொமுட்டர் ரயில் ஏறுவேன். போகிற வழியில் பிரிக்ஃபீல்ட்ஸ் கூரியர் கடையில் கொடுத்துவிடுகிறேன் என்று பெட்டியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பூக்கடைகள் இருக்கிற வரிசையில் நடந்துகொண்டிருந்தேன். பையின் வாரை மணிக்கட்டில் சுற்றியிருந்தேன். அதுதான் வினையாகிவிட்டது. பின்னாலிருந்து மோட்டார் சத்தம் நெருங்கியது. கை வெடுக்கென்று முன்னால் போனது, உடம்பு பின்னாலேயே போனது. வார் அறுந்துபோகவில்லை. தாரில் முகம் உரச என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். தோளுக்குள் ஏதோ பிடுங்கிக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் கையை உதைத்தான். விரலை உதைத்தான். "விடுடி, விடு!" என்று தமிழில்தான் கத்தினான். விடத்தான் பார்த்தேன், வார் சுற்றிக்கொண்டு விடவில்லை.

என் பாரம் ஒரு பக்கமாக இழுத்ததில் மோட்டார் ஆடி, நின்றிருந்த லோரியின் பின்சக்கரத்தில் மோதிச் சாய்ந்தது. ஓட்டியவன் எழுந்து ஓடியே போய்விட்டான். பின்னால் இருந்தவனின் கால் மோட்டாருக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

எங்கிருந்துதான் அத்தனை பேர் வந்தார்களோ. முதலில் லோரிக்காரர் அவன் நெஞ்சில் மிதித்தார். அந்த மிதியைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் ஒன்று போடு என்று மனசு கேட்டது. வாயில் ரத்தமும் மண்ணுமாக அவனைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அவனை வெளியே இழுத்துப் போட்டார்கள். முகத்தில், வயிற்றில், விலாவில் குத்தினார்கள். ஒருவர் சாப்பாட்டுக்கடை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இன்னொருவர் அவன் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி, அதாலேயே அவன் தலையில் அடித்தார்.

அந்தச் சத்தத்தில் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. மண்டைக்குள் எலும்பு எப்படி அமுங்கும், கீறல் எந்தப் பக்கம் ஓடும் என்பதெல்லாம் கண்முன் வந்தது. எழுந்தேன். ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது.

"அடிக்காதீங்க! தலையில அடிக்காதீங்க!"

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "அப்ப எங்க அடிக்கறது அக்கா, நீங்களே சொல்லுங்க."

பூ விற்கும் அம்மாள் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உனக்குப் பைத்தியமா? உன்னை நாய் மாதிரி இழுத்துட்டுப் போனவன்!"

அதற்குள் யாரோ கடைக்கதவு இழுக்கிற இரும்புக் கம்பியைக் கொண்டுவந்துவிட்டார்கள். அவன் குப்புறக் கிடந்தான். காது வழியாக ரத்தம் வந்துகொண்டிருந்தது. கம்பி மேலே போவதைப் பார்த்தேன். யோசித்துச் செய்ததாகச் சொல்லமாட்டேன். அவன்மேல் விழுந்துவிட்டேன். கம்பி என் முதுகில் இறங்கியது. மூச்சு நின்றுபோனது.

"ஐயோ அக்கா! சாரி லா, உங்கள நான் பாக்கல!" கம்பி வைத்திருந்தவர் அதைக் கீழே போட்டார். அதோடு எல்லாரும் பின்வாங்கினார்கள். என் அடியில் அவன் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

பை கிழிந்து பெட்டி திறந்து கிடந்தது. ஒரு குப்பி முழுசாக இருந்தது. இன்னொன்று உடைந்து, பல் உருண்டு போய், மோட்டாரிலிருந்து ஒழுகிய கறுப்பு எண்ணெயில் கிடந்தது. பூக்கார அம்மாள் அதை விரலால் எடுத்து, வாழையிலைத் துண்டில் மடித்து என் கையில் வைத்தார். "உன் பல்லு, பத்திரமா வச்சுக்க. டாக்டர் திரும்ப வச்சுடுவாங்க." தொடாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விலகிய தோளைப் பொருத்திக் கட்டி என்னை வார்டில் போட்டிருந்தபோது போலீஸ் சார்ஜன்ட் ஒருவர் வந்தார். தமிழர்தான்.

"பையில என்னம்மா இருந்துச்சு?"

"பல்லு, சார்."

"தங்கப் பல்லா?"

"இல்ல சார், செத்தவங்க பல்லு. ரெண்டு பேருது."

எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "எப்படிச் செத்தாங்க?"

"அடிச்சுக் கொன்னிருக்காங்க."

"எப்ப?"

"அதக் கண்டுபிடிக்கத்தான் சார் அனுப்பப் போனேன்."

அவர் வெளியே போய் யாருக்கோ போன் பண்ணினார். பேராசிரியை வந்து விளக்கியும் பல்லை விடவில்லை. வழக்குப் பொருள் என்று போலீஸ் பாலாயில் பூட்டி வைத்துவிட்டார்கள். அவற்றை வெளியே எடுக்கப் பேராசிரியை பல மாதம் நடந்தார்.

பற்கள் திரும்பி வந்தபோது எனக்குக் கை பாதிதான் தூக்க வந்தது. உட்கார்ந்து எண்ணெய்பட்ட பல்லைக் கரைப்பானில் கழுவினேன், மறுபடி கழுவினேன். பூமிக்கடியிலிருந்து வருகிற எண்ணெயில் அந்த வகைக் கரிமம் துளியும் கிடையாது, எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். அது ஒட்டியிருந்தால் பல் உள்ளதைவிடப் பழசாகக் காட்டும். விரல் அழுக்கும் வாழையிலைச் சாறும் புதுசாகக் காட்டும். இந்தப் பல்லில் எல்லாமே பட்டிருந்தது.

முடிவு வந்தது. இரண்டு பேருக்கும் இடையே பல நூறு ஆண்டுகள். எண்ணெய் பட்டவன்தான் மூத்தவன். எனக்கு நம்பிக்கை இல்லை, பேராசிரியைக்கும் இல்லை. அதே தாடையிலிருந்து வேறொரு பல்லை எடுத்தோம். சுத்தமாகக் கையாண்டு, இந்த முறை வேனிலேயே அனுப்பினோம். அதே வயதுதான் வந்தது.

அப்படியானால் அது ஒரே சண்டை இல்லை. மூத்தவனை அடித்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் செத்து, இங்கே ஒருவன் கிடக்கிறான் என்பதே மறந்துபோன பிறகு, வேறு யாரோ வந்து அதே குகையில் இன்னொருவனை மண்டையில் அடித்துக் கொன்றிருக்கிறார்கள். தெரிந்துதான் அதே குழியில் போட்டார்களா, தெரியாமலா? அதைப் பல் சொல்லாது. பேராசிரியை காகிதத்தைக் கோப்பில் வைத்து மூடினார். அன்று நாங்கள் யாரும் சாப்பிடப் போகவில்லை.

வழக்கு அதற்குப் பிறகுதான் விசாரணைக்கு வந்தது. என்னை இழுத்துப் போனவன் பிழைத்துவிட்டான். தலையில் ஒரு பக்கம் முடியில்லை. வாய் கோணி, வலது கை செத்துத் தொங்கியது. நீதிமன்ற வராந்தாவில் நான் காத்திருந்தபோது ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்கதானே அவர்மேல விழுந்து காப்பாத்தினது?"

"நீங்க?"

"பெண்டாட்டி."

நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் முழங்கைவரை சட்டைக்கையை ஏற்றினாள். நீளமாகத் தழும்பு, தையல் போட்ட அடையாளம். "அவர் ஒடச்சது. உள்ள இரும்புத் தகடு வச்சிருக்காங்க. என் மக காதுல ஒரு பக்கம் கேக்காது. அவளுக்கு அப்ப நடக்கக்கூடத் தெரியாது." சட்டைக்கையை இறக்கிவிட்டாள். "அன்னிக்கு ஜனங்க அடிக்கறாங்கன்னு யாரோ போன் பண்ணினாங்க. நான் சாமி படத்துக்கு முன்னாடி போய் நின்னேன். அவர் கதை அதோட முடிஞ்சிடணும்னு வேண்டிக்கிட்டேன். நீங்க எதுக்குக்கா போய்க் குறுக்க விழுந்தீங்க?"

அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினாள். "தலையில அடிக்கறத என்னால பாக்க முடியலம்மா" என்றேன். அது அவளுக்குப் பதிலே இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். அவன் என்னை இழுத்ததைச் சொன்னேன், உதைத்ததைச் சொன்னேன். கூட்டம் அடித்ததையும் சொன்னேன். அதைப் பற்றி யாரும் மேலே கேட்கவில்லை. அவனுக்குச் சிறை கிடைத்தது. வெளியே வந்து அவளுக்கு என் போன் நம்பரைக் கொடுத்தேன்.

அவள் காஜாங்கில் தன் அக்காள் வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோய்விட்டாள். எப்போதாவது கூப்பிடுவாள். மகளுக்குக் காதில் கருவி பொருத்தியதைச் சொன்னாள், தனக்கு ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்ததைச் சொன்னாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டபோது மூச்சு வாங்கியது.

"வெளிய விட்டுட்டாங்க அக்கா. வீட்டக் கண்டுபிடிச்சு வந்துட்டார். நல்ல கையால கதவ இடிச்சார். சன்னல் கண்ணாடிய ஒடச்சு, கையெல்லாம் ரத்தம். தண்ணி குடுன்னு அழுதார். போலீஸ் வந்து இப்பத்தான் கூட்டிட்டுப் போறாங்க."

"நீ?"

"நான் திறக்கல."

அவளுக்குப் பின்னால் சின்னப் பெண் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடித் துண்டுகளைப் பெருக்குகிற சத்தம் கேட்டது.

"திறக்காத" என்றேன். "இனிமே எப்ப வந்தாலும் திறக்காத."