ஸ்டெல்லா போட்ட ஒயின்

ஈஸ்டருக்கு வீட்டிலேயே வெள்ளை ஒயின் போடுவது எங்கள் குடும்ப வழக்கம். தவக்காலத் தொடக்கத்தில் பச்சைத் திராட்சையை ஜாடியில் ஊறப்போட்டால் பண்டிகைக்குத் தயாராகிவிடும். நாசிக்கில் வாழும் என் நாத்தனார் ஸ்டெல்லா கொண்டுவரும் ஒயின் எலுமிச்சைபோலச் சுருக்கென்று இருக்கும். அவள் சொன்ன பக்குவத்தில், அதே ரகத் திராட்சையை எங்கள் ஊர்ப்பக்கக் கன்னிவாடித் தோட்டத்தில் வாங்கி நான் போடுவதோ தேன்போலத் திகட்டும். எதையோ மறைக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டேன்.

இந்த வருஷம் தவக்காலத்துக்கே அவள் திண்டுக்கல் வந்துவிட்டாள். அதே கன்னிவாடிப் பழத்தில் அவளையே போடச் சொல்லி, பக்கத்தில் நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டரன்று ஒரு வாய் குடித்ததும் அவள் முகம் மாறியது.

“மதினி, நான் அங்குட்டுத் திரும்புனப்ப சீனியை அள்ளிப் போட்டீகளா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏத்தா, நான் ஜாடியத் தொடவே இல்ல!”

முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். “பழம் பழுக்குறப்ப அங்க ராத்திரி போர்வை இல்லாமப் படுக்க முடியாது மதினி. இங்க விடிஞ்சும் வேர்க்குது.”

அந்தக் குளிரில் பழத்தின் புளிப்பு தங்குகிறது. எங்கள் வெக்கையில் புளிப்பு குறைந்து இனிப்பு ஏறிவிடுகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

மனதில் பட்டதை ஸ்டெல்லா அந்த நிமிஷமே கேட்டுவிட்டாள். நானோ ஒரு வார்த்தை கேட்காமல், வருஷா வருஷம் அவள் ஒயினை வாங்கிக் குடித்துக்கொண்டே அவளைக் கள்ளியாக்கி வைத்திருந்தேன்.