கண்டங்கத்திரிப் புகை

ஆமத்தூர் பஞ்சம்மாள், விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனி முதலாளி பலவேசத்துக்கு நூற்றைம்பது ரூபாய் தர வேண்டும். அவள் புருசன் கிணறு வெட்ட வாங்கிய கடன். கிணற்றில் பாறைதான் வந்தது. கடனை இவள் தலையில் வைத்துவிட்டு மனுசன் போய்ச் சேர்ந்தார். தை முடியுமுன் கட்டாவிட்டால் ஈடு வைத்த புஞ்சை கைவிட்டுப் போகும். ஆள் நடமாட்டமில்லாத அந்தத் தரிசில் பட்டாசு ஷெட் போட பலவேசம் அளந்தே பார்த்துவிட்டார்.

"ஒங்காட்டுல என்னத்தா வெளையுது? முள்ளுதான?" என்பார்.

நிசந்தான். காடு பூராவும் கண்டங்கத்திரி. இலையிலும் முள், தண்டிலும் முள். ஆடுகூட மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கும். காயைத் தின்றால் குடலைப் புரட்டும். ஆனால் பழுத்துக் காய்ந்த விதையைத் தணலில் போட்டுப் புகை பிடித்தால் பல்வலி அடங்கும். பஞ்சம்மாள் கைராசி சுற்றுவட்டாரத்தில் எவருக்கும் வாய்க்கவில்லை. எந்தச் சபையிலும் அடித்துச் சொல்லலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில், தீபாவளி சீசன் உச்சத்தில், பலவேசத்தின் கன்னம் பணியாரமாக உப்பியது. வாசலில் லோடு ஏற்ற லாரி நிற்கிறது. முதலாளி தரையில் உருளுகிறார். பஞ்சம்மாளுக்கு ஆள் போனது.

"இங்கனயே தணலைப் போடுத்தா, உசிரு போகுது!"

"கூறோடதான் பேசுதீகளா அண்ணாச்சி? மடியில பீடி இருந்தாலே ஆளை வெரட்டுவீக. வெடிமருந்துக்கு நடுவுல தணலா? எந்திரிங்க, ஓடைக்குப் போவோம்."

வேலையாட்கள் வாயைப் பொத்திச் சிரிக்க, முதலாளி கன்னத்தைப் பிடித்தபடி அவள் பின்னால் நடந்தார். ஓடைக்கரையில் தணல் மேல் விதையைத் தூவி, ஓட்டைச் சட்டியைக் கவிழ்த்து, ஓட்டையில் புகைக்குழலாக ஆமணக்குத் தண்டைச் செருகினாள்.

"புகையைப் பல்லுக்குக் காட்டுங்க. எச்சியை முழுங்கிராதீக, துப்புங்க."

பொழுது சாயுமுன் வலி இறங்கியது. பலவேசம் மனம் குளிர்ந்துபோனார். "கடன் கழிஞ்சதுத்தா. பத்திரத்தைக் கிழிச்சிருதேன்."

"ஐயோ, அந்தப் பேச்சே வேண்டாம்! புகைக்குக் கூலி வாங்குனா பெறகு கை பலிக்காது."

"காடு போயிருமே, கிறுக்கி!"

"ஏன் போகுது? விருதுநகர்ல ஒங்க மச்சான் நாட்டு மருந்துக்கடை வச்சிருக்காகல்ல? காஞ்ச செடியை நிறுத்துப் போடுதேன். சரக்கு வித்தா வியாபாரம், அதுல தோசமில்லை."

"முள்ளையா?" என்று சிரித்தாலும், மச்சானிடம் சொல்லி வைத்தார்.

கார்த்திகை, மார்கழி முழுக்கக் கவைக்கம்பால் செடியை அமுக்கிப் பிடித்து, வேரறாமல் பிடுங்கி, நிழலில் உலர்த்தினாள். பக்கத்துத் தரிசுகளையும் விடவில்லை. கையெல்லாம் கீறல், ஆனால் மூட்டை மூட்டையாக வண்டி விருதுநகருக்குப் போனது.

தையில் ஒரு நாள் கம்பெனி வாசலில் வந்து நின்றாள்.

"ஒங்காட்டுல இப்ப என்னத்தா வெளையுது?"

"முள்ளுதான் அண்ணாச்சி. கையை நீட்டுங்க."

விரித்த அவர் உள்ளங்கையில் ஒவ்வொரு நோட்டாக, சத்தம் போட்டே எண்ணி வைத்தாள்.