கொடிக்கம்பத்தில் ஏறிய புயல்கூண்டு

எனக்குக் கோபம் ஜாஸ்தி. சிதம்பரத்தில் என்னைப் பெற்றவர்கள் முதல் கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுன் பள்ளிக்கூடத்துப் பியூன் வரை எல்லோருக்கும் அது தெரியும். அறுபதுகளின் நடுவில் அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூகப் பாடம் எடுக்கப் போனேன். முதலில் கோபம் வந்தது பாடப் புத்தகத்தின் மேல்தான். ஜன்னலுக்கு வெளியே துறைமுகம். தோணிகள், சுங்க ஆபீஸ், மூட்டை தூக்கும் ஆட்கள், எல்லாம் கண்ணுக்கு முன்னால். புத்தகத்தில் 'துறைமுகங்கள்' என்று ஒரு பாடம். பிள்ளைகள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு அதை மனப்பாடம் செய்தார்கள். 'இயற்கைத் துறைமுகம், செயற்கைத் துறைமுகம்' என்று ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். நம் ஊர்த் துறைமுகம் இதில் எது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள்.

சிதம்பரத்தில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது செயல்திட்ட முறை என்று ஒன்றைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகளே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, வெளியே போய்ப் பார்த்து, கேட்டு, கையால் செய்து கற்றுக்கொள்வது. பரீட்சைக்கு எழுதிவிட்டு எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. மாதிரி வகுப்பில் வீராணம் ஏரியைக் களிமண்ணால் செய்து, நிஜத் தண்ணீர் ஊற்றி, மதகைத் திறந்து காட்டியவள் நான். வகுப்பறை முழுக்கச் சேறு. வாத்தியார்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளைகள் மட்டும் மதகு என்றால் என்ன என்பதை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள்.

ஆகவே கடலூரிலும் ஆரம்பித்தேன். 'நம் துறைமுகம்' என்பதுதான் வேலை. வகுப்பைக் குழுக்களாகப் பிரித்தேன். ஒரு குழு வரைபடம் போட்டது. இன்னொரு குழு தோணிகளில் என்ன வருகிறது, என்ன போகிறது என்று ஆட்களைக் கேட்டு வந்தது. புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றிப் படிக்க ஒரு குழு. அதற்குத் தலைவி ஒரு மீனவர் வீட்டுப் பெண்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கு வடக்கே, சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் இருந்த குப்பத்திலிருந்து வருவாள். அந்தக் குப்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிப் படிக்க வந்த பெண் அவள் ஒருத்திதான். மற்ற பெண்கள் அந்த வயதில் கருவாடு காயப்போடுகிறார்கள், இல்லையென்றால் கல்யாணத்துக்குக் காத்திருக்கிறார்கள். அவள் அப்பா பிடிவாதமாக அனுப்பினார். "ஊரு ஒண்ணும் சொல்லாத வரைக்கும் படிக்கட்டும் டீச்சரம்மா" என்று என்னிடமே சொன்னார். அந்த 'ஊரு' எவ்வளவு பெரியது என்று அப்போது எனக்குத் தெரியாது.

குழு துறைமுக ஆபீசுக்குப் போனது. அங்கே இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். மூங்கில் சட்டத்தில் கறுப்புத் துணி சுற்றிய கூண்டுகளை எடுத்துக் காட்டினார். எதை எப்போது ஏற்றுவார்கள், எதை ஏற்றினால் உயிருக்கு ஆபத்து என்றெல்லாம் சொன்னார். இவள் ஆபத்துக் கூண்டையே முழம் போட்டு அளந்துகொண்டு வந்துவிட்டாள். அட்டையில் சின்னதாகச் செய்தால் போதும் என்றேன். விடவில்லை.

"பொம்மையா செஞ்சா யாருக்கு டீச்சர் தெரியும்? கடல்லேருந்து தெரியுற மாதிரி செய்யணும். அதுக்குத்தான கூண்டு?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இப்படி ஒரு பிள்ளை கேட்க வேண்டும் என்றுதானே நான் தவம் கிடந்தேன்! செய் என்றேன். மூங்கில் பிளாச்சு அவள் வீட்டிலிருந்து வந்தது. கறுப்புத் துணிக்கு என் பழைய குடையைக் கிழித்துக் கொடுத்தேன், போதாததற்குச் சாக்கில் தார் பூசினார்கள். நிஜக் கூண்டுக்கும் அதற்கும் அந்தக் குமாஸ்தாவே வித்தியாசம் சொல்லியிருக்க மாட்டார்.

சனிக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டுக் கண்காட்சி. வெள்ளிக்கிழமை காலையில் கயிறு தாங்குகிறதா என்று பார்க்கலாமே என்று கூண்டைக் கொடிக்கம்பத்தில் ஏற்றினோம். எங்கள் கொடிக்கம்பம் ஏதோ பழைய தோணியின் பாய்மரம். பள்ளிக்கூடமோ மணல்மேட்டில் இருந்தது. ஐப்பசி மாதம், வானம் மூடியிருந்தது. காற்று கூட இல்லை. கூண்டு உச்சிக்குப் போனதும் பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்று குப்பத்து ஆண்கள் எல்லோரும் கடலில் இருந்தார்கள். நெத்திலி கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்த நாட்கள். வராந்தாவில் நின்று பார்த்தேன். கட்டுமரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைப் பக்கம் திரும்பின. இவ்வளவு சீக்கிரம் ஏன் வருகிறார்கள் என்று பக்கத்திலிருந்த கணக்கு வாத்தியாரைக் கேட்டேன். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டே, "மீன் ஜாஸ்தி மாட்டிருக்கும்" என்றார்.

அவள்தான் முதலில் புரிந்துகொண்டாள். வகுப்பிலிருந்து அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"எறக்குங்க டீச்சர்! எறக்குங்க! நம்ம கூண்டப் பாத்துட்டு வர்றாங்க. வலைய அறுத்துட்டு வருவாங்க டீச்சர்!"

எனக்குப் பகீரென்றது. ஆபத்துக் கூண்டைக் கண்டால் அவர்கள் ஏன், எதற்கு என்று யோசிப்பதில்லை. வலை தண்ணீருக்குள் இருந்தால் இழுத்துச் சுருட்ட நேரமில்லை, கத்தியால் அறுத்து விட்டுவிட்டு உயிரோடு கரைக்கு வர வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம். கடலிலிருந்து பார்த்தால் துறைமுகக் கம்பமும் எங்கள் கம்பமும் ஒரே வரிசையில் நிற்கும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தேன். உருளையில் சிக்கிக்கொண்டது. இன்னும் வேகமாக இழுத்தேன், இன்னும் இறுகியது. கை தோல் உரிந்தது. பியூன் வந்தான், கணக்கு வாத்தியார் வந்தார், யார் இழுத்தும் அசையவில்லை. கடைசியில் பியூன் கம்பத்தில் ஏறிக் கயிற்றை வெட்டினான். கூண்டு தொப்பென்று மணலில் விழுந்தபோது முதல் கட்டுமரங்கள் அலை உடையும் இடத்துக்கு வந்துவிட்டன.

பெண்கள் தலைவிரி கோலமாகக் கரைக்கு ஓடினார்கள். வந்த ஆண்கள் துறைமுக ஆபீசுக்கு ஓடினார்கள், அங்கே கம்பம் வெறுமனே நின்றது. அங்கிருந்து நேராக எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். யாரும் கை ஓங்கவில்லை. வாசலில் நின்று மணலில் கிடந்த கூண்டைப் பார்த்தார்கள். ஒருவர் குந்தி உட்கார்ந்து அழுதார். பாதிப் பேருடைய வலை கடலோடு போய்விட்டது. வலைதான் அவர்களுக்குச் சோறு.

யார் செய்தது என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். அவள் குறுக்கே வந்து, "நான்தான் செஞ்சேன்" என்றாள். கூட்டத்தில் அவள் அப்பாவும் இருந்தார். அவரும் வலையை அறுத்துவிட்டு வந்தவர்தான். மகளை ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். "நாளைக்குக் குப்பத்துல பஞ்சாயத்து வைக்கிறாங்களாம். பொண்ணப் பள்ளிக்கூடத்துலேருந்து நிறுத்தப் போறாங்க. நீ அந்தப் பக்கம் தலை வச்சும் படுக்காதேம்மா. கண்காட்சியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்றார். சும்மா விடுவேனா? என் வேலை போனால் சிதம்பரத்துக்கு ரயில் ஏறிவிடுவேன், எனக்குச் சோறு போட வீடு இருந்தது. அவளுக்குப் பள்ளிக்கூடம் போனால் போனதுதான். இரவெல்லாம் தூக்கமில்லை. மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கே குப்பத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

அம்மன் கோயில் முன்னால் ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஊர் நாட்டார், குப்பத்துக்குப் பெரியவர், அவர் வாக்குதான் அங்கே சட்டம். பெண்கள் தூரத்தில் குடிசை ஓரமாக நின்றார்கள். அப்பாவும் மகளும் சபைக்கு நடுவில் நின்றார்கள். நான் நேராகப் போய், "தப்பு என்னோடது. தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்க. நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றேன்.

நாட்டார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"டீச்சரம்மா, நீங்க வெளியூரு. வெளியூருக்காரங்கள இந்த ஊரு கேள்வி கேக்காது. தண்டிக்கவும் செய்யாது, மன்னிக்கவும் செய்யாது. எங்க புள்ள செஞ்சதுக்கு எங்க புள்ளதான் பதில் சொல்லணும்."

எனக்குச் சுரீரென்று ஏறியது. "எட்டாங்கிளாஸ் பொண்ணு! அவளை நடுவில் நிறுத்தி வச்சிக் கேக்க உங்களுக்கு வெக்கமா இல்லையா?" என்று கத்திவிட்டேன். கூட்டம் சலசலத்தது. இளவட்டங்கள் இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். அவள் அப்பா, "டீச்சரம்மா, பேசாதீங்க" என்று கெஞ்சினார். நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் கோபம் அவளைத்தான் மூழ்கடிக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

நாட்டார் அவளைக் கேட்டார், "என்னா சொல்ற?"

சபையில் விழுந்து கும்பிடுவாள், அழுவாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் பேசினாள்.

"வலை போனதுக்கு நான்தான் காரணம். என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். ஆனா ஒண்ணு சொல்றேன் மாமா. போர்ட் ஆபீஸ் கூண்டு நம்ம கரையிலேருந்து தெரியாது. நாங்க எடம் எடமா நின்னு பாத்தோம். சவுக்குத் தோப்பு மறைக்குது. கடல்ல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். ராத்திரி கூண்டு ஏத்தினா விடியக்காலையில கெளம்புறவங்களுக்கு யாரு சொல்றது? நம்ம ஊருக்குன்னு தனியா ஒரு கம்பம் வேணும்னு சர்க்காரக் கேக்கணும். அத எழுதத்தான் இருந்தோம்."

ஓரத்தில் ஒரு கிழவர், "பொண்ணு சொல்றதுல நாயம் இருக்கு" என்றார். இன்னொருவர், "வலைய எவன் தருவான்?" என்று சீறினார். இரண்டு பக்கமும் குரல் ஏறியது. நாட்டார் கையை உயர்த்தியதும் எல்லாம் அடங்கியது.

"புள்ளக்கி மூளை இருக்கு. படிக்கட்டும்" என்றார். எனக்கு உயிர் வந்தது. அதற்குள் அவர் என் பக்கம் திரும்பினார். "ஆனா டீச்சரம்மா, படிப்புன்னா புஸ்தகத்துல இருக்கறது. வெளிய கூட்டிட்டுப் போறது, செய்யறது, ஏத்தறது, எறக்கறது, இந்த வேலை எந்தப் புள்ளக்கும் வேணாம். உங்க கிளாசுல இனிமே அது கெடையாதுன்னு அம்மன் முன்னால வாக்குக் குடுங்க. குடுத்தா எங்க புள்ள திங்கக்கெழமை வரும். இல்லேன்னா வராது."

மன்னிப்புத்தான் வெளியூர்க்காரியிடம் வாங்க மாட்டார்கள். வாக்கு வாங்கிக்கொள்வார்கள்!

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் அவளைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று, மெதுவாக, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி. அவள் அப்பா கைகூப்பி நின்றார், கண்ணெல்லாம் தண்ணீர். நான் வாக்குக் கொடுத்தேன். கோயில் படியில் கற்பூரம் ஏற்றி, அதன் மேல் கை வைத்துக் கொடுத்தேன்.

நான் செய்தது சரி என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்கு யார் என்ன சொன்னாலும் சண்டைக்கு வருவேன். அவள் படிக்க வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்குப் போய், கோபுர வாசலில் நின்று என்னைப் பெற்ற அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

திங்கட்கிழமை அவள் வந்தாள். எண்ணெய் வைத்து வாரி, ரிப்பன் கட்டி, முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தை நான் காலையிலேயே எடுத்துவிட்டேன். புத்தகத்தைத் திறந்து, 'துறைமுகங்கள்' பாடத்தை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வரைபடக் குழுவிலிருந்த ஒருவன் மெதுவாகக் கேட்டான், "டீச்சர், மத்ததெல்லாம் எப்ப செய்வோம்?" இனிமேல் கிடையாது என்றேன்.

அவள் எழுந்து நின்றாள்.

"நான் வேணாம்னு தலைய ஆட்டினேன். பாத்தீங்களா இல்லையா டீச்சர்?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் குடுத்தீங்க?"

"நீ வரணும்னுதான்."

"நான் ஒருத்தி வர்றதுக்காக இவங்க எல்லாருக்கும் வெளிய போய்ச் செய்யறது இல்லாம போயிடுச்சே டீச்சர். நான் வராம இருந்திருந்தா நீங்க இவங்களுக்குச் செஞ்சிருப்பீங்க."

எப்போதும் வருகிற கோபம் கூட அன்று வரவில்லை. உட்காரு என்றேன். உட்காரவில்லை. இரண்டாம் முறையும் சொன்னேன். அவள் புத்தகத்தை விரித்துக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் இயற்கைத் துறைமுகம், செயற்கைத் துறைமுகம் என்று படித்துக்கொண்டே போனேன். மணி அடிக்கும்வரை அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.