தளத்தில் ஒரு தொட்டில் கொக்கி

இப்போது தளம் போடும்போதே தொட்டில் கொக்கியையும் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். எஸ்டேட்டில் வேலையாட்களுக்கென வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டின் ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் போட்டபோது அதை யாரும் நினைக்கவில்லை. மழை ஒழுகாமல் இருந்தால் போதும் என்றிருந்தோம். தம்பி பிறந்த பிறகுதான் அம்மா அண்ணாந்து பார்த்தாள். பழைய உத்திரமும் இல்லை, தொட்டில் கட்ட இடமும் இல்லை.

எங்களில் எந்தக் குழந்தைக்கும் முதல் தொட்டிலைத் தாய்மாமன்தான் கட்ட வேண்டும். மாமா வாழவந்திப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் மிசின் பூட்டும் பிட்டருக்குக் கையாளாக இருந்தார். கொக்கி வைத்த ஆங்கர் போல்ட்டுகளைத் துண்டில் முடிந்து கொண்டுவந்தார். போல்ட்டைச் சுற்றி ஓர் இரும்புக் குழல் இருந்தது. துளைக்குள் விட்டுத் திருகினால் அந்தக் குழல் விரிந்து கான்கிரீட்டைக் கவ்விக்கொள்ளுமாம்.

"கவ்வுமா மாப்ள, இல்ல கையோட வருமா?" என்றார் அப்பா.

"ஏனுங்க மச்சான், மிசினையே இதுலதான் நிறுத்தி வெச்சிருக்கறோம்!"

மாமா முக்காலியில் ஏறி உளியால் துளை போட்டார். தலையெல்லாம் சிமெண்ட் தூள். அதற்குள் அத்தை, அப்பாவின் அக்கா, போல்ட்டை எடுத்து விளக்கெண்ணெய் தடவி மஞ்சள் பூசிவிட்டாள். அரிவாளோ மண்வெட்டியோ, புது இரும்பை வெறுமனே வீட்டுக்குள் எடுப்பது எங்கள் வழக்கமில்லை. மாமாவும் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். திருகத் திருக, குழல் விரியாமல் போல்ட்டோடு சேர்ந்தே சுற்றியது. கொஞ்சம் இறுகியதும் போதும் என்று இறங்கிவிட்டார்.

அம்மா தம்பியைக் கொடுக்கவில்லை. "மொதல்ல ராகி மூட்டையப் போடுங்க" என்றாள்.

சேலைத் தொட்டிலில் மூட்டையை வைத்தார்கள். தொப்பென்று விழுந்தது. தரையெல்லாம் ராகி, நடுவில் எண்ணெய் மினுங்கக் கிடந்தது போல்ட்.

"கவ்வல மாப்ள, முத்தங் குடுத்துட்டு வந்துருச்சு" என்று அப்பா சிரித்தார்.

மாமா அத்தை பக்கம் திரும்பினார். "எண்ணெயப் போட்டா வழுக்காதுங்களா?"

"கும்பிட்டு வாங்குனியே தம்பி, அப்ப வாய் எங்க போச்சு?"

முதல் துளையின் வாய் உதிர்ந்துவிட்டதால், அதைவிட்டுத் தள்ளி இன்னும் ஆழமாக வேறொன்று போட்டார். உள்ளே தூள் தங்கினாலும் பிடிக்காது என்று, கொல்லையிலிருந்து பப்பாளித் தண்டை வெட்டிவந்து துளைக்குள் ஊதினார். தூளெல்லாம் அவர் கண்ணுக்கே வந்தது. இரண்டாவது போல்ட்டை அத்தை தொடவில்லை. இந்த முறை மாமா பல்லைக் கடித்துத் திருகியும் அதற்குமேல் அசையவில்லை. ராகியை அள்ளிக் கட்டித் திரும்ப வைத்தார்கள். நின்றது.

அம்மா அப்போதும் தம்பியை மடியிலிருந்து எடுக்கவில்லை. "மூட்டை சும்மா கெடக்கும்டா. புள்ள ஆடும், ஒதைக்கும்."

மாமா சுற்றிலும் பார்த்தார். கதவோரம் நின்றிருந்த என்னைப் பார்த்துச் சிரித்தார். "வா சாமி, ஒனக்குத்தான் மொத ஆட்டம்."

தம்பி வந்த பிறகு எதற்குமே என்னை முதலில் கூப்பிட்டவர்கள் கிடையாது. ஓடிப்போய் ஏறினேன். மாமா நன்றாக வீசி ஆட்டினார். நான் எவ்வளவு உயரம் போகிறேன் என்று அப்பாவும் அத்தையும் பார்க்கவேயில்லை, தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் தம்பியைப் பாயில் கிடத்திவிட்டு எழுந்து வந்தாள். குனிந்தபடி, தொட்டில் போகும் பக்கமெல்லாம் அதன் அடியில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே கூட நடந்தாள்.

என்னை ஆட்டத்தான் வந்தாள் என்று நினைத்தேன். "நீயும் ஆட்டும்மா" என்றேன்.

அவள் ஆட்டவில்லை. கையை எடுக்கவும் இல்லை.